சரசுவுக்கு, பல் பிடுங்கும் முன்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள சரசு,

நலம்தானே? பேரன் தைப்பிங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். மற்றதை அப்புறம் சொல்கிறேன். திங்கட்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போகிறாய், கிராம்பும் மஞ்சளும் எடுத்து வைத்திருக்கிறாய் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் அவற்றைத் தொடாதேடி.

போன மாதம் எனக்கும் பல் பிடுங்கினார்கள். வீட்டுக்கு வந்த கையோடு, தோட்டத்தில் அம்மா செய்வாரே, அதேபோல உப்புத் தண்ணீரில் கிராம்பைத் தட்டிப் போட்டு நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். மூன்றாம் நாள் இரவு வலி காதுவரை ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக இருந்தது. அடியில் எலும்பு வெளிறித் தெரிந்தது.

பல் டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது. குழியில் உறைகிற ரத்தம்தான் அதற்கு மூடி. அதன் மேல்தான் புதுச் சதை வளரும். பலமாகக் கொப்பளித்தாலும், துப்பினாலும், உறிஞ்சினாலும் அது பெயர்ந்துவிடும். குழியைக் கழுவி ஒரு மருந்துத் துணியை உள்ளே வைத்தார். வாயெல்லாம் கிராம்பு வாசனை! கேட்டால், கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால்தானாம். கொஞ்ச நேரத்தில் வலி அடங்கியது. அம்மாவின் கிராம்பைக் குறை சொல்ல மாட்டேன், சரசு. நான்தான் அவசரப்பட்டேன்.

அதனால் அன்றைக்குப் பஞ்சை அரை மணிக்குக் குறையாமல் அழுத்திக் கடி. அப்புறமும் கசிந்தால், நனைத்து ஆறவைத்த தேயிலைப் பையைக் கடித்துக்கொள். தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். கஞ்சியை ஆறவைத்துக் குடி. பொட்டலத்தில் கட்டித் தரும் ஐஸ் தேத்தண்ணியை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சவே கூடாது. உனக்கு அது இல்லாமல் பொழுது போகாது, அதனால்தான் சொல்கிறேன்.

24 மணி நேரம் போகட்டும். ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சாப்பிட்டதும் வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துவிட்டு, தானாக வழிய விடு. கொய்யா இலைக் கஷாயம் வேண்டுமானால் இன்னும் இரண்டு நாள் போகட்டும். நன்றாக வடிகட்டி, ஆறவைத்து எடு. மஞ்சள் பொடியைக் குழியில் அடைக்காதே, பாலில் கலந்து குடி. கிராம்பு எண்ணெயை நேராக விட்டால் ஈறு வெந்துவிடும்.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது, புண் ஆற நாளாகும். அதையும் ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுவதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மாத்திரையை நீயாக நிறுத்தாதே. மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடினால் வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் கிளினிக்குக்குப் போ.

பாலிக் பூலாவில் வாங்கிய கிராம்பு ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது. கைக்குள் வைத்துக் கசக்கினாலே எண்ணெய் பிசுபிசுக்கிறது. வாய் ஆறியதும் கறிக்குப் போடு.

செவ்வாய் இரவு போன் செய்கிறேன். நீ பேச வேண்டாம், ‘உம்’ கொட்டினால் போதும்.

உன்,
பார்வதி