ஒண்ணுலருந்து பிடி

செங்கோட்டை,
ஆனி மாதம், சாரல் விட்ட ஒரு மத்தியானம்

அன்பான பெஞ்சுத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கூட வைத்திருந்த போட்டோவைக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றிவிட்டும் பார்த்தேன். போர்வையைக் கட்டிலில் விரித்தால் ஓரமெல்லாம் பப்படம் பொரிந்த மாதிரி நெளிகிறது என்று எழுதியிருந்தாய். கேரளத்துப் புனலூருக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷத்தில் உன் அப்பளம் பப்படம் ஆகிவிட்டது, தையல் மட்டும் எட்டாம் கிளாஸில் விட்ட இடத்திலேயே நிற்கிறது. கோபப்படாதே ஏட்டி. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், சிரித்து முடித்ததும் என் கதை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உன் போர்வை. நடுவில் கட்டம் கட்டமாக உன் அம்மாவின் சுங்குடிச் சேலைகள். சுற்றிலும் கரையாக உன் மாமியாரின் கசவு முண்டு, ஜரிகைக் கரை போட்ட மலையாளத்து வேட்டி. இந்த யோசனை உனக்கு எப்படி வந்ததோ! கல்யாணத்தன்று முகத்தைத் திருப்பிக்கொண்ட இரண்டு சம்பந்தியம்மாள்களையும் பேத்தியின் கட்டிலில் சேர்த்துத் தைக்கப் பார்க்கிறாய். நெளியாமல் என்ன செய்யும்?

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, காரணமே அதுதான். முண்டின் கரை, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலின் திசையில் போகிறது. பாவு லேசில் இழுபடாது, அதோடு ஜரிகையும் சேர்ந்தால் கம்பி மாதிரி நிற்கும். சுங்குடி முப்பது வருஷம் துவைத்த துணி, பிடித்த பக்கம் வரும். அதிலும் போர்வையின் வெளி ஓரத்தை நாம் தூக்குகிறோம், மடிக்கிறோம், இஸ்திரி போடுகிறோம். பிடித்துக்கொள்ளக் குறுக்கே தையலும் கிடையாது. ஆகவே ஓரம்தான் முதலில் நீளும். நீ அந்த நீண்டுபோன ஓரத்தின் மேலேயே கரையை வைத்து, ஓட்டிக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தைக் கத்திரித்திருக்கிறாய். அதனால்தான் இடது கரை 71½ இன்ச், வலது கரை 70½ இன்ச். எதிரெதிர் பக்கம் இரண்டும் ஒரு இன்ச் வித்தியாசப்பட்டால் அது போர்வை இல்லை, தோணி.

"கணக்குப்படி சரியாகத்தானே வரணும், ஏழு கட்டம், கட்டத்துக்குப் பத்து இன்ச், இரண்டு முனையிலும் தையலுக்குக் கால் கால், மொத்தம் 70½" என்று எழுதியிருந்தாய். கணக்கு சரி. துணியை அழுத்திப் பிடிக்கிற உன் மெஷின் பாதத்துக்கு அது தெரியாதே. பாதத்தின் விளிம்பை ஒட்டித் தைத்தால் கால் இன்ச் என்று நினைத்துக்கொள்கிறோம். பல பாதங்களுக்கு அது கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். கொத்தனாரும் ஆசாரியும் இன்ச்சை எட்டு நூலாகப் பிரிப்பார்களே, அந்தக் கணக்கில் பார். ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் கூடுதலாக உள்ளே போனால், ஏழு கட்டத்துக்கு நடுவே இருக்கும் ஆறு தையலில் ஆறு நூல், அதாவது முக்கால் இன்ச். 70½ இன்ச் 69¾ ஆகிவிட்டது. அதைக் காகிதத்தில் தேடினால் கிடைக்குமா? துணியைத்தான் அளக்கவேண்டும்.

அதுவும் ஓரத்தில் அளக்காதே. போர்வையைத் தரையில் விரி. கட்டில் வேண்டாம், மெத்தை குழியும். இழுக்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டு, மேலிருந்து கீழே மூன்று இடத்தில் அள: நட்டநடுவில் ஒன்று, அதற்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்றும் ஒன்றிரண்டு நூலுக்குள் வந்தால் நடு அளவையே வைத்துக்கொள். கூடக் குறைய வந்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகு. அந்த நீளத்துக்கு இரண்டு கரையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒரே வெட்டாக வெட்டு. தைத்த கரை இரண்டையும் இதற்காகப் பிரித்துத்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. நாலு தையலுக்கு ஒரு தையலை பிளேடு முனையால் அறுத்துக்கொண்டே போ, பிறகு மறுபக்க நூலை இழுத்தால் முழுசாக உருவிக்கொண்டு வரும். ஜரிகை இருக்கிற பக்கம் பிளேடைக் கொண்டுபோகாதே.

இப்போது வலது ஓரம் 70½, கரை 69¾ என்று முக்கால் இன்ச் இடிக்கும், 71½ ஆக நீண்ட இடது ஓரத்தில் ஒன்றே முக்கால். பயப்படாதே, எழுபது இன்ச்சில் அதைப் பங்குபோட்டு அடக்கிவிடலாம். கரையை நாலாக மடித்து மடிப்பில் சாக்பீஸால் புள்ளி வை, போர்வை ஓரத்தையும் நாலாக மடித்துப் புள்ளி வை. புள்ளிக்குப் புள்ளி குண்டூசி குத்து, பிறகு இடையிடையே குத்து. தைக்கும்போது சுங்குடி கீழே, கசவு மேலே. மெஷினின் பல் கீழ்த் துணியைத்தான் அதிகமாக உள்ளே தள்ளும், அதனால் நீளமான துணி கீழே இருந்தால் தானே சுருங்கி அடங்கும். மாற்றி வைத்தால் மடிப்பு மடிப்பாக விழும். நீ எதை எதற்கு அடக்குகிறாய் என்று உன் அம்மா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்தது நீ அழுதுகொண்டே எழுதிய விஷயம், மேல் கரையும் கீழ்க் கரையும். பக்கக் கரை தைக்கும் முன்பே போர்வை அகலத்தைப் பார்த்து 60½ இன்ச் என்று இரண்டையும் வெட்டிவிட்டாய். பக்கக் கரைகள் ஏறியதும் அகலம் எட்டு இன்ச் கூடிவிட்டது, கரை எட்டு இன்ச் குட்டை. முண்டும் தீர்ந்துபோச்சு, 23 இன்ச் துண்டுதான் மிச்சம். புது முண்டு வாங்கிச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பழசின் மஞ்சள் வேறு, புதுசின் மஞ்சள் வேறு. புதுத் துணி முதல் துவைப்பில் சுருங்கவும் செய்யும். மிச்சத் துண்டை ஒட்டுப் போடவும் வேண்டாம், ஜரிகைக் கோடு ஒரு நூல் விலகினாலும் கண்ணில் குத்தும்.

நாலு மூலைக்கும் நாலு சதுரம் வை. உன் கரை அகலம் 4½ இன்ச்தானே, அதே 4½ இன்ச்சுக்குச் சதுரம் வெட்டு. கரும்பச்சையோ அரக்கோ, அம்மா சேலையில் இருக்கிற ஏதாவது ஒரு அழுத்தமான நிறத்தில். குட்டையாகப் போன கரையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சதுரம் தைத்தால் அந்த எட்டு இன்ச் தானாக வந்துவிடும். 60½ இன்ச்சை அப்படியே வைக்காமல், சுங்குடிப் பகுதியின் அகலத்தையும் நடுவில் அளந்து பார். ஐந்து தையலுக்கு ஐந்து நூல் குறைந்திருக்கும், அதை வெட்டிவிடு. அப்போதுதான் சதுரத்தின் தையலும் பக்கக் கரையின் தையலும் நேருக்கு நேர் வரும். பார்க்கிறவர்கள் திட்டம் போட்டுச் செய்தது என்றுதான் சொல்வார்கள். நீயும் ஆமாம் என்று சொல், நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

இவ்வளவு தெரிந்தவள் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வருஷம் முன்பு, என் தையல் கடையில் சேர்ந்த ஜாக்கெட் பிட்டுகளை வைத்துப் பேரனுக்கு ஒரு போர்வை தைத்தேன். கடை டேப்புக்கு முனையில் இருந்த தகரம் என்றைக்கோ கழன்று, முதல் இன்ச்சும் கிழிந்துபோய்விட்டது. வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவேன், "ஒண்ணுலருந்து பிடி". பிடித்தால் வருகிற அளவில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான் துணியில் ஒண்ணிலிருந்து பிடித்து 61 என்று வாசித்தேன், கழித்து 60 என்று மனசில் வைத்துக்கொண்டேன். மகளைப் பார்த்து வாய் 61 என்றது. அவள் அவளுடைய புது டேப்பில் 61 வெட்டினாள். மறுபக்கத்துக்கு நானே 60 வெட்டினேன். இரண்டையும் தைத்து, அடிப்பக்கத் துணி வைத்து, ஓரமும் மடித்துத் தைத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தேன், கொத்தனார் கடக்கால் போடும்போது பிடிப்பாரே, அது மாதிரி. இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். முக்கால் இன்ச் வித்தியாசம்.

பிரித்தேனா? இல்லை. பேரன் அதற்குள் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான். அவன் சுருட்டிக்கொண்டு படுப்பதற்கு அது நேராக இருந்தால் என்ன, கோணலாக இருந்தால் என்ன. உன்னுடையது கட்டிலில் விரிக்கிற போர்வை, அதனால் பிரி என்கிறேன். உடனே அந்த டேப்பைக் குப்பையில் போட்டேன் என்று எழுத ஆசைதான். ஆணியில்தான் தொங்குகிறது. கை பழகிவிட்டது.

நம் பாட்டிகள் நைந்த சேலைகளை அடுக்கி இழையோட்டிய போர்வைக்கு யார் அளந்தார்கள் என்று நீ கேட்பாய். அவர்கள் கரை வைக்கவில்லை தாயே. ஓரத்தை மடக்கித் தைத்தார்கள், வேலை முடிந்தது.

முண்டு என்றதும் எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அம்மாவுடையது ஒன்று இருக்கிறது, பலராமபுரம் நெசவு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, ஓணத்துக்கு எடுக்கிற புதுத்துணியான ஓணக்கோடி நமக்கும் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த ஊருக்கு ராஜா கூட்டிப்போய்க் குடிவைத்த நெசவாளர்களும் தமிழ் பேசுகிற சாலியர்கள்தான் என்று அப்பா சொல்வார். விரித்தால் மடிப்பில் மடிப்பில் பழுத்திருக்கிறது, தொட்டால் விட்டுவிடும். உன் மாமியார் முண்டும் அப்படியானால் பின்னால் மெல்லிய மல் துணி கொடுத்துத் தை.

இங்கே சாரல் நன்றாக இருக்கிறது, குற்றாலத்தில் கூட்டம், ஊருக்குள் ஆட்டோக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. என் முழங்கால் பழையபடிதான், மிதிக்கிற மெஷினை விட்டு மோட்டார் போட்டுக்கொண்டேன். ஆடி பிறந்ததும் அங்கே ஒரு நாள் வருகிறேன். ரயிலில்தான், பஸ்ஸில் ஆரியங்காவு வளைவுகள் இனி எனக்கு ஆகாது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை 1.676 மீட்டர் அகலம் ஆக்க 2010 முதல் 2018 வரை ரயிலை நிறுத்தி எட்டு வருஷம் நம்மைப் பிரித்துவைத்தார்கள், நாம் பொறுத்துக்கொண்டோம். நீ எட்டு இன்ச்சுக்கு அழுகிறாய்.

வரும்போது எஃகு டேப் கொண்டுவருகிறேன். அதுவரை கரையைப் பிரித்து வை, கத்திரியைத் தொடாதே. நடுவில் அளந்த மூன்று அளவையும் ஒரு கார்டில் எழுதிப் போடு. மிச்சமுள்ள அந்த 23 இன்ச் துண்டை யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்கு வேண்டும்.

உன்,
முதல் பெஞ்சுக்காரி