வாட்ச் செயினை வீட்டிலேயே கழற்றிக் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தக்கலையில் வாட்ச் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து வருகிற வாட்ச்சுகளைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் உறுத்துகிற ஒரு விஷயத்தை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டீல் செயின் போட்ட வாட்ச் வைத்திருப்பவர்கள், அதுவும் கடலோரத்தில் இருப்பவர்கள், அந்தச் செயினை வீட்டிலேயே கழற்றிக் கழுவித் திரும்ப மாட்டப் பழகிக்கொள்ள வேண்டும். இதற்காகக் கடைக்கு வந்து காத்திருக்கத் தேவையே இல்லை.

முட்டத்திலிருந்து ஓர் அண்ணன் வந்திருந்தார். குவைத்திலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த சீக்கோ வாட்ச். வலை இழுக்கும்போது நூல் செயினில் மாட்டியிருக்கிறது. "சும்மா லேசா ஒரு இழுப்புதான் அண்ணாச்சி, வாட்ச் தண்ணிக்குள்ள போச்சு" என்றார். கையில் மிஞ்சிய, செயினை வாட்ச்சோடு சேர்த்துப் பிடித்திருந்த பழைய பின்னைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்திருந்தார். பிரித்தால் பாதி பின்னும் கொஞ்சம் பழுப்புப் பொடியும்தான் இருந்தன. நல்ல பின் என்றால் லேசான இழுப்புக்கெல்லாம் விடாது.

வாட்ச்சையும் செயினையும் சேர்த்துப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு ஸ்பிரிங் பின்கள். ஒன்றரை மில்லிமீட்டர், பெரிய வாட்ச் என்றால் இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு குழாய், அதற்குள் சுருள் கம்பி, இரண்டு பக்கமும் அழுத்தினால் உள்ளே போகும் முனை. அந்த முனைகள்தான் வாட்ச்சின் காதுகளில், அதாவது செயின் மாட்டுவதற்காக வாட்ச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளில், உள்ள குழிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். "ஸ்டீல் துருப்பிடிக்காது என்றுதானே சொன்னார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். நல்ல செயின்கள் 316எல் என்கிற ஸ்டீலில் வருகின்றன, அது உப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் இடுக்கில் உப்புத் தண்ணீரும் வியர்வையும் தங்கிக் காய்ந்து, மறுபடி நனைந்து கொண்டே இருந்தால் அந்த ஸ்டீலும் புள்ளி புள்ளியாக அரிக்கும். உள்ளே இருக்கும் மலிவான பின்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியே செயின் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பின் பாதியாகியிருக்கும்.

மணவாளக்குறிச்சி மணல் விஷயம் தனி. அந்தக் கருமணலில் இல்மனைட் என்ற கனிமத்தோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. தேய்க்கும் தாள் செய்யப் பயன்படுகிற கல் அது, ஸ்டீலைவிடக் கடினமானது. அந்தப் பொடி கண்ணிகளுக்கு நடுவே புகுந்துவிட்டால், நாம் கையை ஆட்டும்போதெல்லாம் கண்ணியையும் பின்னையும் அரைத்துக்கொண்டே இருக்கும். பழைய செயின்கள் தொளதொளவென்று தொங்குவதற்கு இப்படி உள்ளே சேரும் மணலும் அழுக்கும் ஒரு காரணம். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களின் செயினில் பால் உறைந்து கண்ணியே மடங்காமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

கழற்றுவது கஷ்டமான வேலையில்லை. ஒரு பக்கம் பிளந்த நுனி, மறுபக்கம் ஊசி நுனி உள்ள கருவி ஒன்று வாட்ச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். கத்தி முனையும் சேஃப்டி பின்னும் வேண்டாம். அவை வழுக்கினால் வாட்ச்சிலும் கீறல், விரலிலும் கீறல். மேசையில் துவர்த்தை (துண்டை) இரண்டாக மடித்து விரித்து, லாக்கைத் திறந்துவிட்டு வாட்ச்சைக் குப்புறப் படுக்க வையுங்கள். காதுகளின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டால் கீறல் விழாது.

காதின் வெளிப்பக்கத்தில் ஓட்டை தெரிந்தால் வேலை சுலபம், ஊசி நுனியால் அதில் குத்தினாலே பின் உள்ளே அமுங்கும். ஓட்டை இல்லையென்றால் செயினின் கடைசிக் கண்ணியைப் பின்பக்கமிருந்து பாருங்கள். காதை ஒட்டிய இடுக்கில் பின்னின் விளிம்பு தெரியும். பிளந்த நுனியை அந்த விளிம்பில் கொடுத்து உள்பக்கமாகத் தள்ளி, அப்படியே கண்ணியை லேசாக வெளியே நகர்த்துங்கள். சுருள் கம்பி விசையோடு இருப்பதால் பின் தெறித்து ஓடப் பார்க்கும். பழக்கமில்லாதவர்கள் தெளிவான பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு வைத்துக்கொண்டு செய்தால் பின் கட்டிலுக்கு அடியில் போகாது.

கழற்றிய செயினை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். புளி, எலுமிச்சம்பழம், கழிவறை கழுவும் ஆசிட் எதுவும் வேண்டாம். தங்கமுலாம் பூசிய செயினை பிரஷால் அழுத்தித் தேய்க்கவும் கூடாது. வாட்ச்சைக் குழாயடியில் காட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். செயினைக் கழற்றிக் கழுவுவதில் இதுதான் பெரிய வசதி, வாட்ச்சுக்குள் தண்ணீர் போகும் பயமே இல்லை. அப்புறம் செயினை ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள்.

மாட்டும்போதுதான் கவனம் வேண்டும். பின்னைக் கண்ணிக்குள் விட்டு, ஒரு முனையை ஒரு காதின் குழியில் வைத்து, மறுமுனையைக் கருவியால் அழுத்தியபடி உள்ளே தள்ளினால் 'டிக்' என்று உட்காரும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில நேரம் முனை குழிக்குள் போகாமல் காதின் ஓரத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும். பார்வைக்கு மாட்டியது மாதிரியே இருந்து, இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது விட்டுவிடும். அதனால் வாட்ச்சைத் துவர்த்துக்கு மேலேயே பிடித்து, செயினை இரண்டு பக்கமும் அசைத்து நன்றாக இழுத்துப் பாருங்கள். பின் வளைந்திருந்தாலோ பழுப்பேறியிருந்தாலோ திரும்பப் போடாதீர்கள். காதுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, 18, 20, 22 என்று அதே அளவில் புதுப் பின் வாங்குங்கள். ஒரு ஜோடி பின்னுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

செயின் கொஞ்சம் இறுக்கம் அல்லது தளர்ச்சி என்றால் உடனே கண்ணியைக் கழற்றச் சொல்லாதீர்கள். பல செயின்களில் லாக்கின் ஓரத்தில் வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். அங்குள்ள பின்னை ஒரு துளை தள்ளிப் போட்டாலே சரியாகிவிடும். கண்ணியைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கமாகப் பின்னைத் தள்ளி எடுத்து, அது வெளியே வந்த அதே பக்கத்திலிருந்து, அம்புக்கு எதிராகத் திரும்பச் செருக வேண்டும்.

கடைசியாக என் தொழிலில் உள்ளவர்களுக்கும் வாட்ச் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயினைச் சிறிதாக்கும்போது எடுக்கிற கண்ணிகள் வாங்கியவருடைய சொத்து. அவற்றை ஒரு சிறு கவரில் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். பல கடைகளில் அதைக் கொடுப்பதும் இல்லை, வாங்குபவர் கேட்பதும் இல்லை. பிறகு உடம்பு கொஞ்சம் போட்டாலோ, அப்பாவின் வாட்ச்சை மகன் கட்ட ஆசைப்பட்டாலோ, அதே கண்ணி எங்கும் கிடைப்பதில்லை. இருக்கும் ஒரு நல்ல செயினைத் தூக்கிப் போடும்படி ஆகிறது. கடலோரத்துக்காரர்களுக்கு விற்கும்போது கூடுதலாக ஒரு ஜோடி பின்னும் அந்தக் கவரிலேயே போட்டுக் கொடுத்தால் நல்லது.

துருப்பிடித்த பின்னின் முனை காதுக் குழிக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டால் மட்டும் வீட்டில் தட்டிப் பார்க்க வேண்டாம். அதை அப்படியே பக்கத்தில் உள்ள வாட்ச் கடைக்குக் கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
வாட்ச் பழுது பார்ப்பவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.