பிழை சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் இரண்டாம் பகுதியான இரண்டாம் கட்டில் மூன்றாண்டுகளாக நான் கட்டிவந்த பொம்மை ரயில் பாதையும், அதைச் சுற்றி எழுந்த சிற்றூரும் சென்ற தை மாதத்தில் ஒருவாறு முடிந்தன. தண்டவாளம் பதித்ததையும் வண்டி ஓட்டியதையும் தவிர, இதில் என் கைவேலை என்று சொல்லத் தகுந்தது குறைவு. வந்து பார்த்துப் பாராட்டியவர்கள் பலர். அவர்களுக்கு என் வணக்கம் உரியது. ஆயினும் இம்மடல், பாராட்டுவதற்கு முன் “இது இப்படி இருக்காதே” என்று முகத்துக்கு நேரே சொல்லி, சொன்னதோடு போகாமல் உட்கார்ந்து திருத்தியும் கொடுத்தவர்களுக்காக எழுதப்படுகிறது.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்கு அளவைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். நான் எடுத்துக்கொண்டது எச்ஓ எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவு. ஐந்தரை அடி ஆள் அதில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்பார். இந்த அளவில் எங்கும் கிடைக்கும் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 16.5 மி.மீ.; அது 1435 மி.மீ. பாதைக்கு உரியது. 1930ஐ ஒட்டி நம் செட்டிநாடு நிலையத்துக்கு வந்ததோ ஆயிரம் மி.மீ. அகலமுள்ள மீட்டர் பாதை. ஆயிரத்தை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை வருகிறது. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களை மாதிரி செய்கிறவர்களுக்காக விற்கப்படும் 12 மி.மீ. தண்டவாளமே அதற்கு மிக அருகில் இருப்பது. அந்த அரை மில்லிமீட்டர்க் குற்றத்தை மட்டும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நன்றி என் பங்காளிகளுக்கு. வீடு பொதுவீடு, அதில் என் பங்கு எட்டில் ஒன்று. வருடத்தின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் இடமே ஆனாலும், அங்கே பதினாறு அடி நீளத்தில் ஒரு மேடை போடுவதற்குச் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று இருக்கும் மற்ற ஏழு பேரின் சம்மதமும் வேண்டும். ஏழு பேரும் சம்மதித்தார்கள். ஆனால் முன்னோர்க்குப் படையலிடும் படைப்போ கல்யாணமோ வந்தால் பந்தி போடுவதற்கு இடம் காலியாக இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையை வைத்தார்கள். அப்போது என் மனம் சுருங்கியது உண்மை. அந்த நிபந்தனையால்தான் மேடையை நாலடித் துண்டுகள் நான்காகப் பிரித்து, ஒவ்வொரு மூட்டிலும் தண்டவாளத்தை அறுத்து, போல்ட்டு வைத்து இணைக்கும்படி செய்தேன். ஒரே பலகையாகப் போட்டிருந்தால், பின்னால் நேர்ந்த பிழைகளைத் திருத்த ஊரையே இடிக்க வேண்டியிருந்திருக்கும். அகலத்தை ஐந்தடியோடு நிறுத்தியதற்குக் காரணம் வேறு: இரு புறமும் நின்று கை நீட்டினால் இரண்டரை அடிதான் எட்டுகிறது.

மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்று சொல்லி ஒரு கடையில் விற்ற ஒட்டுப்பலகையை நம்பி முதல் இரண்டு துண்டுகளைச் செய்தேன். ஐப்பசி மழையில் பலகை உப்பி, நடுவில் முதுகு தூக்கி, எஞ்சின் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தடம் புரண்டது. கோட்டையூர்த் தச்சர் வந்து பார்த்தார். பலகையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. “தேக்கு உத்தரத்துக்குக் கீழே நின்றுகொண்டு இதை வாங்கினீர்களா?” என்று மட்டும் கேட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்கும் கடைகளுக்கு என்னை அழைத்துச் சென்று, எங்கோ இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் கைமரங்களை வாங்க வைத்து, அவற்றை இழைத்து நான்கு துண்டுகளுக்கும் சட்டம் செய்து கொடுத்தவர் அவரே. அந்தத் தெருவில் தூண்களும் நிலைகளும் விலை எழுதி நிறுத்தப்பட்டிருக்கும் காட்சியைக் கண்ட பிறகு, வீடுகளைக் கொஞ்சம் அதிகக் கவனத்தோடு செய்யத் தொடங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

வீடுகளைப் பற்றிப் பேசும்போது எங்கள் எதிர் வீட்டு ஆச்சிக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் வீடு தெருவுக்குத் தெரு 180 அடி நீளம், 60 அடி அகலம். 87இல் ஒரு பங்காக்கினால் நீளம் 63 செ.மீ., அகலம் 21 செ.மீ. தெருவின் இரு புறமும் இப்படி வீடுகளை நிறுத்தினால் அவற்றின் நீளமே நாலடிக்கு மேல் போய்விடும். ரயிலுக்கு இடம் இராது. ஆகவே, முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிட்டேன். வெளிநாட்டு மாதிரிகளிலும் கட்டடங்களை இப்படிச் சுருக்குவது வழக்கம் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எண்பத்தெட்டு வயதான ஆச்சி, கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, கூரையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏப்பா, மூணாங்கட்டை வெட்டிப்புட்டியே, பொம்பளைக எங்க சமைப்பாக?” என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

எல்லா வீடுகளையும் பிரித்தேன். தெருவின் ஒரு சிறகில், அதாவது ஒரு பக்க வரிசையில் மட்டும் அடுப்படியும் கிணறும் பின்கட்டு வாசலும் உட்பட முழு நீளத்தில் ஐந்து வீடுகள். எதிர்ச் சிறகுக்கு முகப்பும் திண்ணையும் மட்டும், மேடையின் விளிம்போடு வெட்டப்பட்டவை என்று ஆயிற்று. இடம் கணக்காகப் பொருந்தியது மட்டுமன்றி, தெரு இப்போதுதான் தெருவைப் போலத் தெரிகிறது.

ஆச்சியின் இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. தெருவில் நான் அறுபது பேரை நிறுத்தியிருந்தேன். “இம்புட்டுப் பேரு நிக்கிறாகளே, யாரு வீட்டுக் கல்யாணம்?” என்றார்கள். கேலிதான், இன்று எங்கள் தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆறு பேரைக் காண்பது அரிது. நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், கல்யாணமாகவே வைத்துக்கொள்ளலாமா என்று ஆச்சியையே கேட்டேன். அடுத்த பத்து நாட்கள் ஆச்சி நாற்காலியில் அமர்ந்து ஒரு முழுக் கல்யாணத்தை நடத்தினார்கள்: பந்தல் எந்த வாசலில், நாதசுரக்காரர்கள் எந்தத் திண்ணையில், ஆண்கள் எங்கே, பெண்கள் எங்கே, வளவில் சாமான் பரப்புவது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றும் அவர்கள் சொன்னபடி. பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கடுகைப் பொன்னிறத்தில் தோய்த்து வரிசையாக ஒட்டினோம். ஒன்றரை மில்லிமீட்டர்க் கடுகு இந்த அளவில் பதின்மூன்று செ.மீ. சொம்புக்குச் சமம். ஆச்சி எண்ணிப் பார்த்துவிட்டு, சீர் குறைவு என்றார்கள். இன்னும் அரைக் கைப்பிடி கடுகு செலவாயிற்று.

கூரை வேலையில் என்னைக் காப்பாற்றியவர் பனையோலையில் கொட்டான் முடையும் ஓர் அம்மா. நாட்டு ஓட்டுக் கூரைக்கு நெளிவுள்ள அட்டையை ஒட்டிச் சிவப்பு அடித்திருந்தேன். தூரத்தில் பார்த்தால் தகரக் கொட்டகை போலத்தான் இருந்தது. அந்த அம்மா தென்னை ஈர்க்குகளைச் சமமான பருமனுள்ளவையாகப் பொறுக்கி, நெருக்கமாக அடுக்கி ஒட்டி, சிறுசிறு இடைவெளியில் நகத்தால் கீறிக் காட்டினார். ஏறக்குறைய 1.2 மி.மீ. ஈர்க்கை 87ஆல் பெருக்கினால் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். நாட்டு ஓட்டு வரிசைக்கு வெகு பொருத்தம். கணக்குப் போட்டது நான், கண்டுபிடித்தது அவர். ஐந்து வீட்டுக் கூரைக்கும் ஈர்க்கு சீவிக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்ததை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆத்தங்குடியில் தரைக்கான ஓடு வார்க்கும் அண்ணன் ஒருவர், கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது முதல் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஆற விடுவது வரை தம் பட்டறையில் முழுவதுமாகக் காட்டினார். எட்டங்குல ஓடு என் அளவில் 2.3 மி.மீ.தான் என்பதால், அவர் ஓடுகளைப் படமெடுத்துக் காகிதத்தில் அச்சிட்டேன். அப்படி ஒட்டிய தரையைப் பார்த்த அவர், முற்றத்திலும் பூப்போட்ட ஓட்டை ஒட்டியிருந்ததைச் சுட்டிக்காட்டி, மழை விழுகிற இடத்துக்குக் கருங்கல் பாவவேண்டும் என்று சொன்னார். நான் பிறந்த வீட்டு முற்றத்தின் கல்லை அறுபது ஆண்டுகளாக மிதித்தும் அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஊருணியைக் கண்ணாடி போன்ற நீலப் பிசினால் நிரப்பியிருந்தபோது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் தங்கச்சி சிரித்த சிரிப்பும் மறக்கக்கூடியதன்று. பிசினில் ஒரு சிட்டிகைச் செம்மண் கலந்த பிறகே அது எங்கள் பக்கத்து ஊருணியாயிற்று.

இனி ரயில். போர்ட்டராகச் சேர்ந்து நிலைய அதிகாரியாக ஓய்வு பெற்ற காரைக்குடிப் பெரியவர் ஒருவர் மேடைக்கு அருகில் வந்ததும் பார்த்தது எஞ்சினையன்று, கைகாட்டியை. வெளிநாட்டில் வாங்கிய அந்தக் கைகாட்டிகளில் வழி விடும்போது கை மேலே ஏறும். தாம் வேலை பார்த்த மீட்டர் பாதை நிலையங்களிலெல்லாம் கை கீழே இறங்கினால்தான் வண்டிக்கு வழி என்றும், இதைப் பார்த்தால் தம் கூட்டாளிகள் எழுந்து வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார். பழைய பால்பவுடர் டப்பாத் தகரத்தைக் கத்தரித்து நான்கு கைகாட்டிகளையும் புதிதாகச் செய்து, இறங்கும்படி கம்பி இழுத்துக் கொடுத்தார். ஒற்றைத் தடத்தில் அடுத்த நிலையம்வரை போக அனுமதியாக ஓட்டுநரிடம் டோக்கன் கொடுக்கும் பிரம்பு வளையத்தைச் செப்புக் கம்பியால் ஏழு மில்லிமீட்டரில் வளைத்து, பிளாட்பார முனையில் நிற்கும் போர்ட்டரின் கையில் மாட்டியதும் அவரே. அந்தப் போர்ட்டர் வேறு யாருமில்லை, இளமையில் தாமே என்பதை மூன்றாம் முறை வந்தபோதுதான் சொன்னார்.

எஞ்சின் ஒய்.பி. வகை நீராவி எஞ்சின். ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் கட்டி, தென்னக மீட்டர் பாதைகளில் நெடுங்காலம் ஓடியது. இதை இந்த அளவில் கடையில் வாங்க எனக்குக் கிடைக்கவில்லை. காரைக்குடியில் பொறியியல் படிக்கும் இளைஞர் ஒருவர் படங்களையும் அளவுகளையும் தேடிச் சேர்த்து, முப்பரிமாண அச்சில் உடலை எடுத்துத் தந்தார். 120இல் ஒரு பங்கு அளவில் ஓடும் ஜெர்மானிய எஞ்சின்களுக்கும் தடம் இதே 12 மி.மீ. என்பதை அறிந்து, அப்படியொன்றின் அடிப்பகுதியை இதற்குப் பொருத்தியது அவர் யோசனை. மூன்று உடல்கள் வீணாயின, நான்காவது ஓடுகிறது. தொலைவான வளைவில் மின்சாரம் குன்றி வண்டி திணறியபோது, ஒவ்வொரு மூன்றடித் தண்டவாளத்துக்கும் அடியிலிருந்து தனித்தனியே கம்பி இழுத்துச் சரிசெய்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் என் நன்றி.

மூன்றாண்டுகள் இரண்டாம் கட்டை விட்டு வராத கணவரைப் பொறுத்துக்கொண்டதோடு, அறுபது கல்யாண விருந்தினரில் பெண்கள் அனைவருக்கும் ஒற்றை மயிர்த் தூரிகையால் கண்டாங்கிக் கரை போட்ட என் இல்லத்தரசிக்கு எழுத்தில் நன்றி சொல்வது வழக்கமில்லை; சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல் வண்டி ஓடும். செட்டிநாடு நிலையத்தில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இறங்குவார்கள். குழந்தைகளைத் தாராளமாக அழைத்து வரலாம்; சிறுவர்களுக்காக இரண்டு முக்காலிகள் போட்டிருக்கிறேன். தச்சரின் சின்ன இழைப்புளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை காரைக்குடி போகும் வழியில் கோட்டையூரில் இறங்கி அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று இம்மடல் வாயிலாகவே அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பள்ளத்தூர்ப் பொம்மை ரயில்காரன்