குரல் பதிவு அனுப்பமாட்டேன்

தாராவி, மும்பை

அன்புள்ள ராசாத்திக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்டபடி தமிழ்க் கதைகளை என் குரலில் பதிவு செய்து அனுப்பப் போவதில்லை. உன் அம்மா மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. "பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறாள், இவருக்கு வீம்பு" என்கிறாள். வீம்பு இல்லை, காரணம் இருக்கிறது. தொலைபேசியில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பேத்தி அழுவாள், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உனக்காக எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருக்கிறேன்.

மாட்டுங்கா பணிமனையில் 33 வருடம் ரயில் பெட்டிகளைக் கழற்றி மாட்டியவன் நான். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் திருகைத் தொடமாட்டேன். ஐந்து மாதக் குழந்தைக்குப் பதிவில் கதை கேட்டால் ஏறுமா என்று உன் தம்பியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். கிடைத்ததை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பட்ரீசியா குல் என்கிற அம்மையாரும் அவருடைய குழுவும் செய்த சோதனை ஒன்று 2003-இல் வெளிவந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள். சீன மாண்டரின் பேசுகிறவர்கள் அவர்கள் எதிரே உட்கார்ந்து புத்தகம் வாசித்தார்கள், பொம்மை காட்டிப் பேசினார்கள். மொத்தம் 12 தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணிக்கும் குறைவு. அவ்வளவுதான். அந்தக் குழந்தைகள் மாண்டரின் ஒலிகளை, அதையே கேட்டு வளர்ந்த தைவான் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்துக் கேட்டன. இன்னொரு கூட்டம் குழந்தைகளுக்கு அதே ஆட்கள், அதே வாசிப்பு, ஆனால் தொலைக்காட்சியில். வேறொரு கூட்டத்துக்குக் குரல் மட்டும், நீ என்னிடம் கேட்டது போல. அந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றும் ஏறவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு உன் தயிர் நினைவுக்கு வந்தது.

நீ பிறந்தபோது தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருந்தோம். வீட்டில் கதைப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. இருந்த தமிழ் எழுத்தெல்லாம் ஊரிலிருந்து வரும் கடிதமும், வடை கட்டி வந்த காகிதமும், சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியும்தான். வேலை முடிந்து வந்து காலை நீட்டி, அதில் உன்னைப் படுக்க வைத்து, அன்றைய தாளைக் கிழித்து உரக்க வாசிப்பேன். "நல்ல நேரம் ஏழரையிலிருந்து எட்டரை. சூலம் கிழக்கு. பரிகாரம்..." அங்கே இழுத்து நிறுத்துவேன். ஐந்தாறு மாதத்தில் அந்த இடம் வந்தால் காலை உதைப்பாய். ஒன்றேகால் வயதில் "தயி" என்று முடித்துவைத்தாய். திங்கள், சனிக்குத்தான் தயிர்; வெள்ளிக்கிழமைக்கு வெல்லம். உனக்கு ஏழு நாளும் தயிர்தான்.

நான் நிறுத்தியதால் நீ சொன்னாய். நீ உதைத்ததால் நான் இன்னொரு முறை வாசித்தேன். என் குரல் பதிவு உன் மகளுக்காக எந்த இடத்தில் நிற்கும்? அவள் ஒரு சத்தம் போட்டால் "அப்படியா, அப்புறம்?" என்று கேட்குமா? அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

நாள் கடத்தாதே என்று சொல்வதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் கனடாவில் செய்தது, 1984-இல் வெளிவந்தது. இந்தியில் த, ட என்ற இரண்டு ஒலிகள் உண்டல்லவா, நம் பத்து, பட்டு போல. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை அந்த வேறுபாட்டை நன்றாகவே கண்டுபிடித்தன. பத்து மாதத்துக்கு மேல் பெரும்பாலானவற்றுக்கு அது காதில் விழவில்லை. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு நிலைத்தது. காது செத்துவிடுவதில்லை. வீட்டில் புழங்காத ஒலிக்கு மூளை இடம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். பிறகும் கற்கலாம், ஆனால் பாடுபட வேண்டும். இங்கிலாந்தில், அந்தப் பர்மிங்காமில் அவளுக்குப் பத்தையும் பட்டையும் காட்ட உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

பேசினால் போதாதா, வாசிக்கத்தான் வேண்டுமா என்று கேட்பாய். பேசு, நிறையப் பேசு. ஆனால் கைக்குழந்தையிடம் நாம் பேசுவதை எண்ணிப் பார். பாலைக் குடி, தூங்கு, அழாதே, சமர்த்து. புத்தகத்தைத் திறந்தால்தான் காண்டாமிருகமும் கலங்கரை விளக்கமும் வீட்டுக்குள் வரும். ஆங்கிலப் படப் புத்தகங்களில் உள்ள சொற்களை எண்ணி, பெற்றோர் பேச்சோடு ஒப்பிட்டவர்களும் 2015-இல் இதையே சொன்னார்கள்: புத்தகத்தில்தான் சொல்வகை அதிகம். நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. நம் வீட்டுத் தமிழில் திருநெல்வேலி பாதி, பம்பாய் இந்தி பாதி. "இருக்கிறது", "வருகிறாள்" என்ற சொற்களைக் குழந்தை முதன்முதலில் பள்ளிக்கூடத்தில் கேட்டால் அது அந்நிய மொழிதான். மடியில் கிடந்தபடியே கேட்ட பிள்ளைக்கு அது அம்மாவின் குரல்.

இதையெல்லாம் இத்தனை விவரமாகப் பேசுகிறவன் உனக்கு ஏன் நான்கு வயதில் நிறுத்தினான் என்று நீ கேட்டதில்லை. நீ கேட்காததே எனக்கு உறுத்தல். பள்ளியில் சேர்த்த முதல் மாதம் ஆசிரியை கூப்பிட்டு, வீட்டில் தமிழைக் குறையுங்கள், பிள்ளை குழம்புகிறாள் என்றார். ஆங்கிலப் பள்ளி, கட்டணம் கட்டியிருக்கிறோம், படித்தவர் சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன். அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது. வேறு வீட்டுப் பிள்ளைகள் மூன்று மொழியில் சண்டை போட்டுக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டினேன். கோடை விடுமுறையில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்தை வைத்துத்தான் இன்று நீ கூட்டிக் கூட்டிப் படிக்கிறாய்.

உன் வெட்கம் எனக்குத் தெரியும். "அப்பா, நான் படித்தால் திக்கித் திக்கி வருகிறது, நீங்கள் வாசித்தால் அழகாக இருக்கும்" என்று எழுதியிருந்தாய். அடி அசடே, ஐந்து மாதக் குழந்தை உன் உச்சரிப்பைத் திருத்தவா போகிறது? நீ ஒவ்வொரு எழுத்தாக நிறுத்துவது அவளுக்கு வசதிதான். உன் வேகத்துக்கு ஏற்ற மாணவி இதைவிட எங்கே கிடைப்பாள்? அவளோடு சேர்ந்து நீயும் தேறிவிடுவாய். மாப்பிள்ளை மராத்தியில் வாசிக்கட்டும். அவர் குரல் கொஞ்சம் கனம், குழந்தைக்குப் பிடிக்கும். குழப்பம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

செவிலியர் வந்து இலவசமாகப் புத்தகப் பை கொடுத்தார் என்றாயே, அந்தத் திட்டமே உங்கள் பர்மிங்காமில்தான் 1992-இல் 300 குழந்தைகளோடு தொடங்கியதாம். அந்த ஆங்கிலப் புத்தகங்களையும் ஒதுக்காதே. படத்தைக் காட்டித் தமிழில் சொல். புத்தகத்தைக் கடித்துத் தின்கிறாள் என்று வருத்தப்படாதே. அந்த வயதில் வாயில் வைத்துத்தான் எதையும் பார்ப்பார்கள். கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்கு. ஒரே புத்தகத்தைத் தினமும் வாசிக்கச் சலிப்பாக இருந்தால் சலிப்பு உனக்குத்தான், அவளுக்கு இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மூடி வைத்துவிடு.

உன் தம்பியின் சிநேகிதன் அடுத்த வாரம் அங்கே வருகிறான். அம்மா வத்தலும் பருப்புப் பொடியும் கட்டிவைத்திருக்கிறாள். அதற்குள் ஒரு உறை இருக்கும், பொடி கொட்டிவிடாமல் பிரி. இந்த வருட நாட்காட்டியில் கிழித்த தாள்கள், ஜனவரியிலிருந்து சேர்த்து வைத்தவை. தேதி போய்விட்டதே என்று பார்க்காதே. ராகு காலத்தை மட்டும் நம்பி எதையும் தள்ளிப்போடாதே. அது இந்த ஊர் நேரம்.

அன்புடன்,
அப்பா