இரண்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: ஆங்கில ஜோடி உயிரெழுத்துகள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு அம்மா டைரியில் எழுதி அனுப்பியிருந்தார். மின்சார ரயிலில் போகும்போது சைதாப்பேட்டை ஸ்டேஷனின் ஆங்கில போர்டைப் பார்த்து அவர் மகள் "சேடாபெட்" என்று உரக்கப் படித்தாளாம். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்களாம். "போன வருஷம் சரியாகச் சொன்ன பிள்ளை, இப்போது நம்ம ஊர்ப் பேரையே தப்பாகப் படிக்கிறாள்" என்று வருத்தப்பட்டிருந்தார்.

அந்தப் பிள்ளை மேல் தப்பே இல்லை. ஏ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் அடுத்தடுத்து நின்றால் 'ரெயின்', 'டெயில்' என்று வரும் என அந்த வாரம்தான் மிஸ் நடத்தியிருந்தார். போர்டிலும் அதே இரண்டு எழுத்து. போன வருஷம் பழக்கத்தில் பேரைச் சொன்னாள், இந்த வருஷம் எழுத்தைப் பார்த்துப் படித்திருக்கிறாள். நம் ஐகாரத்துக்கென்று ஆங்கிலத்தில் தனி எழுத்து கிடையாது. அதனால் சைதாப்பேட்டைக்கும் சென்னைக்கும் அந்த இரண்டு எழுத்தைப் போட்டுச் சமாளிக்கிறோம். இதை அவளிடம் சொன்னேன். "அப்ப சென்னையும் அப்படித்தானா மிஸ்?" என்று தானாகவே கேட்டாள்.

(ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழிலேயே எழுதுகிறேன். பல வீடுகளில் ஹோம்வொர்க் பார்ப்பது பாட்டிதான் என்பது எனக்குத் தெரியும்.)

இந்தப் பாடத்துக்கு 'வவல் டைகிராஃப்' என்று பெயர். இரண்டு எழுத்து சேர்ந்து ஒரே ஒலி, அவ்வளவுதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. வகுப்பில் நான் கரும்பலகையில் 'கே' எழுதினேன், பக்கத்தில் 'கா' எழுதினேன். பிறகு ஒரு 'க' போட்டு, 'கே'யின் இரட்டைக்கொம்பை முன்னாலும் 'கா'வின் துணைக்காலைப் பின்னாலும் வைத்தேன். "கோ!" என்று வகுப்பே கத்தியது. யாரும் "கேகா" என்று படிக்கவில்லை. 'போட்' என்ற சொல்லில் ஓ, ஏ இரண்டும் அதே மாதிரிதான் என்றதும் முக்கால்வாசிப் பேருக்குப் பிடிபட்டுவிட்டது. உங்கள் பிள்ளை தடுமாறினால் வீட்டிலும் இந்தக் 'கோ'வையே எழுதிக் காட்டுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. உயிரெழுத்து ஐந்துதான் என்றாலும் உயிரொலி இருபது வரை போகும். ஜோடி சேர்க்காமல் அவர்களுக்கு வேறு வழியில்லை. எந்த ஜோடி சொல்லில் எங்கே உட்காரும் என்பதற்கும் ஓரளவு ஒழுங்கு உண்டு. ஏ, ஐ ஜோடி முதலிலோ நடுவிலோ வரும். அதே ஒலி கடைசியில் வந்தால் 'டே', 'பிளே' போல ஐ போய் ஒய் வந்துவிடும். 'காயின்' நடுவில் ஐ, 'பாய்' கடைசியில் ஒய் என்பதும் இதே கணக்குதான்.

டியூஷனில் ஒரு விதி சொல்லித் தருகிறார்கள்: இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தால் முதல் எழுத்து தன் பெயரைச் சொல்லும், இரண்டாவது வாயை மூடிக்கொள்ளும் என்று. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1963இல் தியோடர் கிளைமர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் தொடக்க வகுப்புப் பாடப்புத்தகச் சொற்களை வைத்து இதைச் சோதித்தபோது, 45 சதவீதச் சொற்களுக்குத்தான் பொருந்தியது. பாதிகூடத் தேறாத விதியைப் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டாம். 'மூன்', 'காயின்', 'ஹவுஸ்' எல்லாம் அதற்கு அடங்காதவை. ஒவ்வொரு ஜோடியையும் அதனதன் ஒலியோடு பழகட்டும்.

தொல்லை கொடுப்பது ஈ, ஏ ஜோடிதான். 'சீ' என்ற கடலில் ஈகாரம், 'பிரெட்'டில் எகரம், 'கிரேட்'டில் ஏகாரம். ஏன் இப்படி என்று ஒரு அப்பா கேட்டார். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்த காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் ஒலிகள் மாறிக்கொண்டிருந்தன. அச்சு வந்தபின் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்துவிட்டது, ஒலி மட்டும் நிற்காமல் நகர்ந்தது. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்'டும் சந்திப்பைக் குறிக்கும் 'மீட்'டும் ஒரு காலத்தில் வேறு வேறு உச்சரிப்பு. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் ஈகாரம் வைத்துப் படித்துப் பார்க்கட்டும். பொருள் வராவிட்டால் அடுத்ததை வைத்துப் பார்க்கட்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "பி ஓ ஏ டி, போட்" என்று எழுத்து எழுத்தாக ஒப்பிக்க வைக்காதீர்கள். ஜோடிக்கு அடியில் பென்சிலால் ஒரே கோடு இழுத்து "ப், ஓ, ட்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். கடைசியில் 'போட்டு' என்று உகரம் ஒட்டிக்கொண்டால் திருத்துங்கள், திட்ட வேண்டாம். நமக்கே அது ஒட்டிக்கொள்கிறது.

வெளியே போகும்போது போர்டுகளைக் காட்டுங்கள். 'மெயின் ரோடு' எந்தத் தெருமுனையிலும் கிடைக்கும், அதில் இரண்டு ஜோடி. வேளச்சேரிப் பக்கம் பறக்கும் ரயிலில் போகிறவர்களுக்குக் 'கிரீன்வேஸ் ரோடு' ஸ்டேஷன் புதையல், மூன்று ஜோடி. முதலில் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்கு என் மேசையில் கடலைமிட்டாய் இருக்கிறது.

பிராட்வே பஸ் போர்டை மட்டும் இப்போதைக்குக் காட்டாதீர்கள். அதில் ஓ, ஏ ஜோடி 'ரோடு' போல ஒலிக்காது. அதை அரைப் பரீட்சைக்குப் பிறகு நானே நடத்துகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை