குவாதலூப்புக்குப் போகலாம், வா

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைப் படித்ததும் எனக்கே வேலைக்கு ஆணை வந்ததுபோல மகிழ்ந்தேன். அவளிடம் நான் சொன்னதாகச் சொல்: உடற்கூற்றியலை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டு படிக்கட்டும், பிறகு வரும் பாடமெல்லாம் எளிதாகிவிடும். இங்கே அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே செய்தித்தாள் படிக்கிறார். அண்ணனுக்கு முதுகுவலி குறைந்ததா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "ஓய்வு பெற்றதும் இருவரும் ஒரு தீவுக்குப் போவோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, மாலத்தீவா மொரீஷியஸா, முடிவு செய்" என்று எழுதியிருந்தாய். நான் முடிவு செய்துவிட்டேன். இரண்டும் இல்லை, கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப்புக்குப் போகலாம்.

அவ்வளவு தூரமா என்று நீ மலைப்பாய் என்று தெரியும். பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். ஆனால் போய் இறங்கும் இடமும் பிரான்ஸ்தான். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். செலவுக்கு யூரோ, பேச்சுக்குப் பிரெஞ்சும் கிரியோலும். நான் உடன் இருக்கும்போது மொழிக்காக நீ திண்டாட வேண்டியதில்லை. வரைபடத்தில் பார், இறக்கை விரித்த வண்ணத்துப்பூச்சி போல இரண்டு தீவுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு குறுகலான உப்பாறு. கிழக்கே கிராந்த்தேர்: தட்டை நிலம், கரும்பு, வெண்மணல், பெரிய ஓட்டல்கள். மேற்கே பாஸ்தேர்: மலை, மழைக்காடு, அருவி, எரிமலை. சுற்றுலா வருகிறவர்களில் பலர் கிராந்த்தேரில் ஓட்டல் எடுத்து, நீச்சல் உடையில் ஒரு வாரம் கிடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அப்படி ஒரு விடுமுறைக்கு நாம் இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டியதில்லை. நாம் தங்கப்போவது பாஸ்தேரின் கிழக்குக் கரையில் இருக்கும் காப்பெஸ்தேர் என்ற ஊரில்.

ஏன் காப்பெஸ்தேர்? பாரிஸ் மருத்துவமனையில் என் வார்டில் கூட வேலை பார்த்தவளின் ஊர் அது. அவளைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். இரவுப் பணியில் எனக்குத் துணையாக இருந்தவள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்தத் தீவுகளிலிருந்து இளைஞர்களைப் பாரிஸ் மருத்துவமனைகளுக்கும் தபால் நிலையங்களுக்கும் அரசே அழைத்து வந்தது. அப்படி வந்தவளின் மகள் இவள். ஓய்வு பெற்றதும் அம்மா பிறந்த ஊருக்கே போய்விட்டாள். இடைவேளையில் அவள் திறக்கும் சாப்பாட்டு டப்பா இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூடியின் விளிம்பில் எத்தனை கழுவினாலும் போகாத மஞ்சள் கறை. உள்ளே கொலொம்போ என்று அவர்கள் சொல்லும் ஆட்டுக்கறிக் குழம்பு. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு சேர்த்து அரைத்த பொடியில், காரம் அடக்கி, மிளகாயைத் தனியாக ஓரத்தில் வைத்துச் சாப்பிடுவாள். அவளுடைய குடும்பப் பெயர் ஒரு சாமியில் முடிகிறது. தமிழ் ஒரு வாக்கியம்கூடத் தெரியாது. அவளுடைய கொள்ளுத் தாத்தாவும் பாட்டியும் கப்பலேறிப் போனவர்கள்.

அந்தக் கப்பல்களின் கதை காரைக்காலில் பிறந்த உனக்கும் எனக்கும் யாராவது பள்ளியில் சொல்லித் தந்தார்களா? 1848-இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை இறுதியாக ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் கரும்புத் தோட்டத்தில் பழையபடி உழைக்க விரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பக் கூலி ஒப்பந்தம் போட்டு ஆள் பிடித்தார்கள். புதுச்சேரியிலிருந்தும் நம் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. பிறகு ஆங்கிலேயர் பகுதியிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். ஒரேலி என்ற கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பில் முதல் தொகுதியினரை இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் போய் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் சிறுபான்மை. நாம் சிறுமிகளாக இருந்தபோது மாலையில் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டு நின்ற கடற்கரையின் மறுகோடி அது, ராஜி. மொரீஷியஸிலும் நம்மவர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இங்கே எனக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் ஒருத்தி இருக்கிறாள்.

காப்பெஸ்தேரில் பெரிய சாலையோரத்திலேயே சாங்கி என்ற இடத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பளிச்சென்ற வண்ணத்தில் சுதைச் சிற்பங்கள், சுற்றிலும் வாழைத் தோட்டம். குடும்பங்கள் நேர்ந்துகொண்டு ஆடு பலி கொடுப்பதும், தப்பு மேளம் அடிப்பதும், சமைத்ததை வாழையிலையில் எல்லோருக்கும் பரிமாறுவதும் இன்றும் உண்டு. மதுரை வீரனும் அங்கே இருக்கிறார். இதைப் பற்றி உன்னிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். இங்கே பாரிஸிலிருந்து போய்வந்த நம்மவர் சிலர், "பாவம், மொழியை மறந்துவிட்டார்கள், மந்திரம் தப்பும் தவறுமாகச் சொல்கிறார்கள்" என்று சொல்லக் கேட்டு எனக்கு மனம் கசந்துபோனது. பாதிரியாரும் முதலாளியும் ஏளனம் செய்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத கூலிகள் வாய்வழியாகக் காப்பாற்றிக் கொடுத்த வழிபாடு அது. திருத்துவதற்கு நாம் யார்? விருந்தாளியாகப் போவோம். கேட்டுவிட்டுத்தான் புகைப்படம் எடுக்க வேண்டும். இலை போட்டால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நீ சோறும் காயும் வாங்கிக்கொள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

அதே ஊரில்தான் 1863-இல் ஆன்ரி சிதம்பரம் பிறந்தார். அந்த மண்ணிலேயே பிறந்த கூலிகளின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை என்று அதிகாரிகள் சொன்னபோது, 1904-இல் வழக்கைத் தொடங்கி 1923-இல் உரிமை கிடைக்கும்வரை விடாமல் போராடியவர். பத்தொன்பது வருடம்! பின்னாளில் எர்னெஸ்ட் மூதூசாமி பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவே உட்கார்ந்தார். என் தோழி சிதம்பரத்தின் பெயரை எடுக்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்காருவாள்.

ஆனால் நம்மவர் கதையை மட்டும் தேடிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்மவரை அங்கே கொண்டுபோனதே, விடுதலையான ஆப்பிரிக்கர்களின் கூலியை உயரவிடாமல் வைக்கத்தான். அந்தக் கசப்பு இரு பக்கமும் நெடுநாள் இருந்தது. அதனால் புவான்த்தாபித்ர் நகரத்தில் ஒரு முழு நாளை ஒதுக்கியிருக்கிறேன். பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமை வரலாற்று நினைவகம் கடலோரத்தில் இருக்கிறது. அதை ஓட்டமாகப் பார்க்கக் கூடாது.

நாளும் அதை வைத்தே குறித்தேன். மே 27 அங்கே பொது விடுமுறை, அடிமை ஒழிப்பு நாள். மறுநாள் மே 28-க்கும் ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன்பே ஒருமுறை ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவர நெப்போலியனின் படை வந்தபோது, 1802-இல் லூயி தெல்கிரேஸ் என்ற அதிகாரி சரணடைய மறுத்து, மலையடிவாரத்து மத்துபாவில் தோழர்களுடன் வெடிமருந்துக்குத் தீ வைத்து உயிர்விட்டார். அந்த இரண்டு நாளும் நாம் அங்கே இருக்க வேண்டும். குவோகா என்ற பறையிசையையும் அப்போது கேட்கலாம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆக மே நடுவில் போய் மாத முடிவில் திரும்புவோம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், அதற்குள் கிளம்பிவிடுவோம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் வெயில் நன்றாகக் காயும் பருவம், ஆனால் அப்போது டிக்கெட் விலை கையைக் கடிக்கும். மே மாதத்தில் அவ்வப்போது மழை பெய்யும். நாம் பார்க்காத மழையா? நீயும் மாங்கனித் திருவிழாவுக்குள் ஊர் திரும்பிவிடலாம். நாம் போகும்போது அங்கே கரும்பு வெட்டு நடந்துகொண்டிருக்கும். சாலையெல்லாம் கரும்பு லாரி, காற்றெல்லாம் பாகு வாசனை என்று தோழி சொல்கிறாள்.

ஒரு தொல்லை உண்டு. 2011 முதல் சர்காசம் என்னும் பழுப்புக் கடல்பாசி அட்லாண்டிக் பக்கக் கரைகளில் குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகினால் அழுகிய முட்டை நாற்றம். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. காப்பெஸ்தேர் கரைக்கும் அது வரும். அதனால் கடலில் கால் நனைக்க மேற்குக் கரைக்குப் போவோம். தெஹே அருகில் நீண்ட பொன்மணல் கடற்கரை. அதற்குத் தெற்கே மலாந்தூர். கரிய எரிமலை மணல், எதிரே கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் பெயர் கொண்ட கடல் காப்பகம். நீச்சல் தெரியாத நமக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறது. பவளப்பாறையையும் ஆமையையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கடற்கரையில் சிவப்புப் பட்டை அடித்த மரம் கண்டால் கிட்டே போகாதே. மான்சினேல் என்ற அந்த மரத்தின் பால் தோலைப் பொசுக்கிவிடும், காயோ உயிருக்கே ஆபத்து. மழைக்கு அதன் கீழ் ஒதுங்கவே கூடாது.

மலைக்கு வருகிறேன். லா சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர், இன்றும் புகைகிறது. 1976-இல் அது உறுமியபோது 70,000-க்கும் மேற்பட்டோரை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். என் தோழியின் பெரியம்மா குடும்பம் அதில் ஒன்று. உச்சிக்கு ஏறுவது நம் முழங்காலுக்குச் சரிவராது. வழியில் மஞ்சள் குளம் என்று ஒன்று, எரிமலைச் சூட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் இறங்கி உட்கார்ந்தால் போதும். கார்பே அருவிகள் மூன்றில் நடுவிலுள்ள 110 மீட்டர் அருவியைப் பார்க்கப் போடப்பட்ட பாதை நல்ல பாதை. அண்ணனால்கூட நடக்க முடியும்.

சாப்பாட்டு விஷயத்தில் செவிலியாக ஒரு எச்சரிக்கை. அங்கே வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெகோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பிரான்சில் 1990-லேயே தடை செய்ததை அங்கே மட்டும் மேலும் மூன்று வருடம் அனுமதித்தார்கள். மண்ணில் அது இன்னும் இருக்கிறது, தொழிலாளர் இரத்தத்திலும் இருக்கிறது. தோழியின் அம்மா அந்தத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுப் பாரிஸ் வந்தவர். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நாம் சில நாள் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் காப்பெஸ்தேர் பக்கம் சாலையோரத்தில் விற்கும் கிழங்கு வகைகளை வாங்காமல் தோழி சொல்லும் கடையில் வாங்குவோம். விலைவாசி பாரிஸைவிட அதிகம். 2009-இல் அதை எதிர்த்து 44 நாள் பொது வேலைநிறுத்தமே நடந்தது. தங்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறது, நாமே சமைப்போம். கார் வாடகைக்கு எடுத்துவிடுகிறேன், பஸ்ஸை நம்பிப் பயனில்லை.

கடைசி நாட்களில் படகேறி மரி கலாந்து தீவுக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய காற்றாலைகளும் கரும்பு வயல்களும் அங்கே இருக்கின்றன, மாட்டு வண்டியில் இன்னும் கரும்பு ஏற்றுகிறார்கள். லே சேந்த் தீவுகளுக்கு த்ருவா ரிவியேர் துறையிலிருந்து படகு. அங்கே கரையிலேயே கூடையில் வைத்துத் தேங்காய் இனிப்புப் பலகாரம் விற்பார்களாம்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பாரிஸுக்கு வாங்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, குவாதலூப்புக்குச் செல்லாது. அதற்குத் தனியாக விசா கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒன்றாக விண்ணப்பித்துவிடு. ஷெங்கன் விசாவைப் பலமுறை நுழையும் வகையில் கேள். குவாதலூப் ஷெங்கனுக்கு வெளியே என்பதால், ஒரு முறை நுழைவு மட்டும் வாங்கினால் திரும்பும்போது பாரிஸில் நுழைய முடியாது. அழைப்புக் கடிதம், வீட்டுச் சான்று எல்லாம் நான் அனுப்புகிறேன். உன் பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுது. அண்ணனும் வருகிறார் என்றால் அவருடையதையும் சேர்த்து எழுது. அதன் பிறகுதான் ஓர்லி டிக்கெட்டைப் பதிவு செய்வேன்.

வரும்போது தோழிக்கு ஒரு பருத்திப் புடவை எடுத்து வா. மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை இருந்தால் நல்லது. பணம் நான் தருகிறேன்.

அன்புடன்,
கலா