அக்கிலீஸின் கோபமும் ஹெக்டரின் ஓட்டமும்

ஐயா,

கிரேக்க வீரர்கள் பற்றிய கட்டுரை அக்கிலீஸைக் குறையே இல்லாத மாவீரனாகக் காட்டியிருந்தது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமர் அப்படிக் காட்டவில்லை. கிரேக்கர்கள் டிராய் நகரோடு நடத்திய போரைப் பாடும் அவரது காவியம் 'இலியட்' தொடங்குவதே அவன் கோபத்தில்தான். போர்ப் பரிசாகக் கிடைத்த பிரிசேயிஸ் என்ற பெண்ணைக் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் பறித்ததும் போரிலிருந்து விலகுகிறான். சரி, மானம் போனது, விலகினான். ஆனால் தன் அருமை தெரியட்டும் என்று, சொந்தப் படையே அடிவாங்கும்படி தாய் தெட்டிஸ் மூலம் தேவர்களின் அரசன் சீயஸிடம் கேட்கிறானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கடைசியில் பலியானது உயிர்நண்பன் பாட்ரோக்ளஸ்.

அவனைக் கொன்ற டிராய் இளவரசன் ஹெக்டரும் லேசுப்பட்டவன் அல்ல. படையை இரவே கோட்டைக்குள் கொண்டுபோகச் சொன்ன தோழன் பொலிடமாஸின் யோசனையை வீம்பாகத் தள்ளுகிறான். மறுநாள் அக்கிலீஸ் நெருங்கியதும் பயந்து டிராய் மதிலை மூன்று முறை சுற்றி ஓடுகிறான்; அப்புறம்தான் நின்று மோதுகிறான். எனக்கு அவனைப் பிடிப்பதே அதனால்தான்.

ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி இழுத்த அதே அக்கிலீஸ், 24-ஆம் பாகத்தில் ஹெக்டரின் தந்தை, முதியவர் பிரியாம் வந்து, மகனைக் கொன்ற கைகளையே முத்தமிட்டுக் கேட்டதும், அவரோடு சேர்ந்து அழுகிறான், உடலையும் தருகிறான். கட்டுரையில் இந்தக் காட்சிக்கு இடமில்லை. குதிகாலில் அம்பு பட்டு அக்கிலீஸ் இறந்த கதைக்கு மட்டும் இடம் இருந்தது. அதுவோ இலியட்டில் இல்லவே இல்லை.

- ஒரு வாசகர், மதுரை